தார்ப் பூச்சில் வெட்டிய குழி

சித்தூரில் நாங்கள் இருந்த வீடு ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. மண் சாந்தில் செங்கல் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசிய பழைய வீடு. என் மாமனார் காலத்தில் வாங்கியது. ஏரி நிரம்பினால் எங்கள் சுவரில் ஓதம் ஏறும். பொங்கலுக்கு வெள்ளையடித்தால் மாசி முடிவதற்குள் இடுப்பு உயரம் வரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். உள்ளே உப்புப் பூத்திருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கும் என்று பெருக்கி அள்ளிக் கொட்டிவிடுவேன்.

என் பெண்ணுக்கு ஒன்றரை வயதானபோது இழுப்பு வந்தது. மூச்சு விடும்போது மாரில் மெல்லிய சீட்டிச் சத்தம் கேட்கும். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வெளியே வரும். முதலில் எனக்கு என்மேல்தான் சந்தேகம். தலைக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றியது தப்போ, நான் மோர் குடித்தது பாலில் இறங்கிவிட்டதோ, ஜன்னலைத் திறந்து வைத்தேனோ, மூடி வைத்தேனோ என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாக ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன். ஒன்றிலும் வித்தியாசம் தெரியவில்லை.

என் தாய் வீடு திருப்பதியில், அலிபிரிக்குப் போகும் வழியில், பாறைத் தரைமேல் இருந்தது. ஒரு கல்யாணத்துக்காக அங்கே போய் இரண்டு வாரம் தங்கினோம். மூன்றாம் நாள் சீட்டிச் சத்தம் நின்றுவிட்டது. சித்தூர் திரும்பிய நாலாம் நாள் மறுபடி ஆரம்பித்தது. இதே மாதிரி மூன்று முறை நடந்த பிறகுதான் எனக்குச் சுவர் ஞாபகம் வந்தது. குழந்தை தூங்குகிற இடத்துச் சுவரில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். வாரத்துக்கு ஒரு கோடு. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, “இன்னாது இது, வூட்டையே சர்வே பண்ணிக்கினு கீறியா?” என்றார். அவர் சர்வே ஆபீசில் வரைபடம் எழுதுகிற வேலையில் இருந்தார்.

டாக்டரிடம் கோடுகளைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “வர்ற ஐப்பசிக்குள்ள காய்ஞ்ச ரூம் ஒண்ணு பாருங்க. இல்லேன்னா மழை முடியற வரைக்கும் கொழந்தைய உங்கம்மா வூட்லயே வுட்டுடுங்க. இன்னும் ரெண்டு மழைக்காலம் இப்படியே போச்சுன்னா அப்புறம் ஆயுசுக்கும் வுடாது” என்றார்.

என் கணவர் அன்று சாயங்காலமே கொல்லைப்புறத்தை அளந்தார். பழைய வீட்டுக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. தரையை உயர்த்தி, சுவரில் ஈரம் ஏறாதபடி கட்டிவிடலாம் என்றார். எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அது கட்டுகிற காலமா என்று பலர் கேட்டார்கள். ஆந்திர ராஜ்யம் தனியாகப் போய்விட்டது. எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் மதராஸ் பக்கம் என்று இன்னும் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் எங்கள் காதில் விழும்படியாகவே, “எந்த ராஜ்யத்துல ஆபீசு இருக்கும்னே தெரியல, இவரு இங்க ரூம் கட்றாராம்” என்பார். எல்லை ஓரத்து ஊர்களின் வரைபடங்களைச் சரிபார்க்க என் கணவரை நகரி, புத்தூர் பக்கம் முகாமுக்கு அனுப்பினார்கள். மாதத்தில் ஐந்தாறு நாள்தான் வீட்டில் இருந்தார். ஆகவே பிளானை அவர் வரைந்து கொடுத்தார். மற்றதெல்லாம் என் பொறுப்பாயிற்று. “நீ எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவ, எல்லாம் பாத்துக்குவ” என்றார். அப்படிச் சொன்னால் நான் மறுக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

முனிசிபல் ஆபீசுக்கு மாசியில் போனேன். குமாஸ்தா பிளானைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஏமம்மா, மீ ஆயன ராலேதா?” என்றார். அவர் ஊரில் இல்லை, முகாம் போயிருக்கிறார் என்றேன். “சரே. மூடு காப்பீலு காவால. ரெண்டே உன்னாயி” என்று, ஒரு பிரதி குறைவதாகத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது பிரதியை நானே வீட்டில் டிரேசிங் துணியில் படியெடுத்தேன். கோடு ஓரிடத்தில் லேசாக வளைந்துவிட்டது. அதற்காகத் திருப்பி அனுப்புவார்களோ என்று இரண்டு நாள் போகாமல் வைத்திருந்தேன். குமாஸ்தா அதைக் கவனிக்கவே இல்லை.

ஆபீஸ் சுவரில் கட்டட விதிகள் இங்கிலீஷில் அச்சடித்து ஒட்டியிருந்தன. நின்றபடியே என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அறைக்கு வெளிக்காற்று வரும்படி ஜன்னல் இருக்க வேண்டும். அடிமட்டம் தெருவைவிட உயரமாக இருக்க வேண்டும். கூரைத் தண்ணீர் பக்கத்து மனையில் விழக்கூடாது. புதுச் சுவரைப் பழைய சுவரோடு ஒட்டிக் கட்டலாம். ஒட்டாவிட்டால் மூன்றடியாவது இடம் விட வேண்டும். ஓதத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான். பள்ளமான நிலத்தில் சுவரின் ஈரம் மேலேறாதபடி அதிகாரிக்குத் திருப்தியான வகையில் ஓர் அடுக்குப் போட வேண்டும் என்று இருந்தது. என்ன அடுக்கு, எத்தனை கனம் என்று இல்லை. அதிகாரியின் திருப்தி என்பதை நான் இரண்டு தடவை படித்தேன்.

இடம் பார்க்க வந்த பில்டிங் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். பழைய சுவரில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “இதோட ஒட்டாதீங்கம்மா. ஒட்டினா இந்த ஈரம் அதுக்கும் போய்டும். மூணு அடி தள்ளிக்குங்க, நடுவுல மேல ஓடு போட்டுக்கலாம்” என்றார். அடுக்கு எப்படிப் போடுவது என்று கேட்டேன்.

“வௌக்குத் திரி எண்ணெய இழுக்குதா இல்லியா? செங்கல்லும் அப்படித்தான், தண்ணிய இழுத்துக்கினே போகும். அதை நடுவுல நிறுத்தணும். பேஸ்மட்டத்து மேல சிமெண்ட்டு ஒரு அங்குலம். அது காய்ஞ்சதும் தாரை காய்ச்சி ரெண்டு கோட்டு. மேல மணலைத் தூவிட்டு அப்புறம் சுவர் ஏத்துங்க. சுத்தி நாலு பக்கமும் வரணும், வாசல்ல கூட வுடக்கூடாது. ஒரு எடத்துல வெட்டு வுட்டாலும் போட்டதெல்லாம் தெண்டம்.”

நான் அதை அவர் சொன்னபடியே எழுதி, ‘வாசல்ல கூட’ என்பதன் அடியில் கோடு போட்டேன். இதை இங்கே சொல்லக் காரணம், பின்னால் நடந்ததற்கு எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது என்பதுதான்.

அனுமதி சித்திரையில் வந்தது. குழந்தையைத் திருப்பதியில் அம்மாவிடம் விட்டுவிட்டேன். தூசும் தார்ப் புகையும் அவளுக்கு ஆகாது. சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வருவேன். முதல் வாரம் அழுதாள். நாலாவது வாரம் நான் கிளம்பும்போது விளையாட்டிலிருந்து திரும்பிப் பார்க்கவே இல்லை. அழுதது கஷ்டமா, அழாதது கஷ்டமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். கார்வேட்டிநகரத்துக்காரர். சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் கலந்து பூசிய கட்டடங்களைக் கட்டியவர். தார் விஷயம் அவருக்குப் பிடிக்கவில்லை.

“இன்னாம்மா இது, ரோட்டுல போடற தாரை வூட்டுல போடச் சொல்றீங்க? ரூமுக்குள்ள பஸ்சு கிஸ்சு வுடப் போறீங்களா?”

“இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்காரு மேஸ்திரி.”

“அவரு சொல்வாரு. நாத்தம் புடிக்கப் போறது நீங்கதானே?”

ஆனால் வேலையில் அவர் குறை வைக்கவில்லை. பேஸ்மட்டத்தை இரண்டரை அடி தூக்கினார். சிமெண்ட் பூசி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு ஏழு நாள் தண்ணீர் காட்டினார். அது காய்ந்த பிறகு தார் டின்னை மூன்று கல் அடுப்பில் ஏற்றினார்கள். கருகிய வாடை தெரு முழுக்கப் போயிற்று. எதிர்வீட்டம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தென்னை மட்டையை நசுக்கிச் செய்த பிரஷ்ஷால் இரண்டு கோட்டுப் பூசி, சூடு ஆறுவதற்குள் மணலைத் தூவினார்கள். மறுநாள் நான் வெறுங்காலோடு அதன்மேல் சுற்றி வந்து, எங்காவது சிமெண்ட் தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு மூலையில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. அதையும் பூசச் சொன்னேன். மேஸ்திரி ஆட்களிடம், “இன்ஸ்பெக்டரு ஆபீசுக்குப் போய்ட்டாருன்னு பாத்தா இங்கயே ஒருத்தரு கீறாங்க, ஜாக்கிரதைடா” என்றார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. அந்தக் கட்டட வேலையில் நான் சந்தோஷப்பட்டதாக நினைவிருக்கிற நாள் அதுதான்.

ஆவணியில் வாசற்கால் வைக்க நாள் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் வாசற்கால் வைக்கும்போது, அந்த வீட்டில் பிறந்த பெண்தான் முன்னால் நிற்க வேண்டும். நிலையின் கீழே சிறு குழி எடுத்து, அதில் நவதானியமும் செப்புக் காசும் பொட்டுத் தங்கமும் போட்டு, மஞ்சள் தண்ணீரும் பாலும் ஊற்றி, அதன்மேல் மரத்தை நிறுத்துவார்கள். என் கணவரின் அக்காள் அதற்காக நகரியிலிருந்து வந்தார். அவர் வீட்டில் நான்கு தறி. காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்து இறங்கியவர், கையில் தேங்காய்க் கூடையும், குழந்தைக்கென்று தன் தறியிலேயே நெய்த சிறு சேலைத் துண்டுமாக நேராகக் கொல்லைக்குப் போனார். கறுப்பாக நாலு பக்கமும் ஓடிய தாரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஏம்மா, இன்னாது இது? மங்கள காரியத்துல இப்படிக் கருப்பா சுத்தி வெச்சிருக்கீங்க?”

“ஓதம் வராம இருக்க, அண்ணி.”

“ஓதம் வராம இருக்குதோ இல்லியோ, லட்சுமி வராம இருந்துடப் போறா.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு தம்பியைப் பார்த்து, “டேய், ஊரு ஊரா கோடு போட்டுக்கினு இருந்தவன் வூட்டுக்கும் ஒண்ணு போட்டுட்டியா? நாங்க எந்தப் பக்கம்டா, உள்ளவா வெளியவா?” என்றார்.

என் கணவர் ஒரு நாள் லீவில் வந்திருந்தார். “நீ எப்பவும் உள்ளதாங்க்கா” என்றார். எல்லோரும் சிரித்தோம். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, நல்ல நேரம் இன்னும் கால் மணிதான் இருக்கிறது என்றார். நாலு பேர் வாசற்காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அண்ணி பால் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கீழே பார்த்துவிட்டு, “குழி எங்க?” என்று கேட்டார்.

மேஸ்திரி தாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கணவரும் என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சொன்னதை வைத்து அஸ்திவாரத்தின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்தவரே அவர்தான். தார் எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்று அவருக்குத் தெரியும். “நீதானே பாத்துக்கினு கீற. இன்னா பண்ணலாம், சொல்லு” என்றார் மெதுவாக.

நான் என்ன நினைத்தேன் என்பதைப் பின்னால் பலமுறை எனக்குள் வேறு வேறு மாதிரி சொல்லிப் பார்த்திருக்கிறேன். அண்ணியின் பாத்தியதையை எல்லார் முன்னாலும் மறுக்கக் கூடாது என்று நினைத்தது உண்மை. குழி வேண்டாம் என்று நான் சொல்லி, நாளைக்கு இதே அறையில் குழந்தைக்கு மூச்சு இழுத்தால், அது நான் சொன்னதால்தான் என்று ஆகிவிடும் என்று நினைத்ததும் உண்மை. பிறர் சொல்வார்கள் என்றுகூட இல்லை. நானே அப்படி நினைத்துக்கொள்வேன் என்று பயந்தேன். தார் வெட்டுப்பட்டால் ஈரம் வரலாம், வராமலும் போகலாம். குழி இல்லாமல் வைத்து ஏதாவது நேர்ந்தால் அதை எதைக் கொண்டு சரிக்கட்டுவது? ஒரு சாண் அகலம்தானே என்று தோன்றியது.

“வெட்டுங்க மேஸ்திரி. சீக்கிரம்” என்றேன்.

மேஸ்திரி உளியை எடுத்து, வலப்பக்கக் கால் நிற்கும் இடத்தில் தாரையும் சிமெண்டையும் கொத்தி, கீழே செங்கல் வரை குழி எடுத்தார். அண்ணி நவதானியத்தைப் போட்டார். காசைப் போட்டார். தன் மூக்குத்தித் திருகிலிருந்து உடைந்த ஒரு துளித் தங்கத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார், அதையும் போட்டார். செம்புப் பாலை முழுக்க ஊற்றினார். வாசற்கால் ஏறியது. அவர் என் கன்னத்தைத் தொட்டு, “எங் கொழந்த இனிமே நல்லா மூச்சு வுடுவா பாரு” என்றார். அவருக்குப் பிள்ளை இல்லை.

சுவர் ஏறிற்று. மேலே மங்களூர் ஓடு போட்டார்கள். இரண்டு முறை மேஸ்திரியிடம் அந்தக் குழியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அவர், “நீங்கதானேம்மா வெட்டச் சொன்னீங்க” என்பார். புரட்டாசிக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஜன்னலை அளந்தார், மூன்றடி இடத்தை அளந்தார், ஓட்டுத் தண்ணீர் எங்கே விழும் என்று கேட்டார். “தார் சுத்தி வந்திருக்குதுல்ல?” என்றார். “போட்டிருக்கு சார்” என்றேன். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசி பிறந்ததும் குழந்தையைத் திருப்பதியிலிருந்து கூட்டி வந்தேன். புது அறையில் படுத்தாள். பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பியது. ஒரு காலை பெருக்கும்போது வாசற்காலின் வலப்பக்கம், தரையை ஒட்டி, சுவரில் உள்ளங்கை அளவு நிறம் மாறியிருந்தது. கைவைத்தேன். சில்லென்று இருந்தது. அறையில் மற்ற எல்லா இடமும் காய்ந்துதான் இருந்தது. நாலு பக்கமும் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே வந்தேன். மரத்தின் அடியும் நனைந்து கறுத்திருந்தது. ஒரு வாரத்தில் ஈரம் முழங்கால் வரை ஏறி, சுண்ணாம்பு பொரிய ஆரம்பித்தது. அதன்மேல் நான் ஒரு பாயைச் சாய்த்து வைத்தேன். யார் பார்க்கக் கூடாது என்று வைத்தேனோ தெரியவில்லை. வீட்டில் நானும் குழந்தையும்தான் இருந்தோம். பாய்க்குப் பின்னால் பூசணம் பூத்தது. ஈரத்தைப் பார்த்த எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ குழந்தையின் மாரில் சீட்டிச் சத்தம் கேட்டது.

மேஸ்திரியை வரச் சொன்னேன். பாயை எடுத்துக் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து, விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“தானியம் ஊறி, அது வழியா ஏறுதும்மா. அன்னிக்கே குழிக்குள்ள ரெண்டு கை தார் பூசியிருந்தா போதும். சீக்கிரம் சீக்கிரம்னீங்க. நல்ல நேரம் போய்டும்னு நானும் வுட்டுட்டேன்.”

“குழிக்குள்ள பூசியிருக்கலாமா?”

“ஏன் பூசக் கூடாது? கிண்ணம் மாதிரி ஆகிடும். உள்ள போட்டது உள்ளயே இருக்கும்.”

இது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்டுவது அல்லது வெட்டாமல் இருப்பது என்று இரண்டு வழிதான் இருப்பதாக நினைத்திருந்தேன்.

“இப்ப இன்னா பண்றது?”

“சுவத்தைக் கொஞ்சம் பிரிச்சி, மரத்துக்கு முட்டுக் குடுத்து, குழியத் தோண்டி எடுத்துட்டுப் பூசணும். பண்ணிடலாம். ஆனா வெச்சவங்களக் கேக்காம நான் கை வெக்க மாட்டேம்மா. அது பாவம்.”

என் கணவர் முகாமில் இருந்தார். கடிதம் போய் வர ஒரு வாரம் ஆகும். அண்ணிக்கு எழுதுவது என்றால், உங்கள் கையால் வைத்ததைத் தோண்டப் போகிறேன் என்று எழுத வேண்டும். கார்டை எடுத்து மூன்று முறை எழுதினேன். முதலில் மழையைப் பற்றி நாலு வரி, நலம் விசாரித்து இரண்டு வரி என்று எழுதி, குழியைப் பற்றி எழுத இடமில்லாமல் போயிற்று. இரண்டாவதில் மேஸ்திரி சொன்னதாக எழுதினேன். அவர்மேல் பழி போடுவது போல இருந்தது. மூன்றாவதில், ‘வாசற்காலின் கீழ் வெட்டியதால் ஈரம் ஏறுகிறது. வெட்டச் சொன்னது நான். குழந்தைக்கு இழுப்பு. தோண்டி எடுத்துப் பூச வேண்டும், தாங்கள் அனுமதி தர வேண்டும்’ என்று மட்டும் எழுதிப் போட்டேன். போட்ட பிறகு, தபால் பெட்டிக்குள் கை விட முடியுமா என்று ஒரு கணம் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை அண்ணி வந்துவிட்டார். குடையை மடக்காமலே உள்ளே வந்து, முதலில் குழந்தையைத் தூக்கி அதன் முதுகில் காது வைத்துக் கேட்டார். பிறகு சுவரைப் பார்த்தார். நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன்.

“அன்னிக்கு ஏம்மா சொல்லல?”

“நீங்க குழி எங்கன்னு கேட்டீங்களே அண்ணி.”

“கேட்டேன். எங்க வூட்டுல மண் தரை, குழி எடுப்போம், அதனால கேட்டேன். இங்க வெட்டினா கெட்டுப் போய்டும்னு சொல்லியிருந்தா, ஒரு துணியில முடிஞ்சி மேலாப்பல வெச்சிட்டுப் போயிருப்பேன். சாமி வாணாம்னா சொல்லும்? படிச்ச பொண்ணு நீ. வாய் கீதா இல்லியா உனக்கு?”

“கோவிச்சுக்குவீங்கன்னு...”

“இப்ப கோவிச்சுக்கல?” குழந்தையை என் கையில் கொடுத்தார். “ஊருல அல்லாரும் என்ன ராட்சசின்னு நெனச்சிக்கினு கீறாங்க போல. பாலு ஊத்தறதா பெருசு? நானு இவளுக்கு மூச்சு வரணும்னுதானே ஊத்தினேன்.”

சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டவளுக்கு இப்போது சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவரோ அதற்குள் மேஸ்திரியைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, “பசிக்குது, துன்ன இன்னா கீது?” என்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

மேஸ்திரி வாசற்காலுக்கு முட்டுக் கொடுத்து, சுவரின் அடியைப் பிரித்தார். தானியம் கறுப்பாகப் பிசுபிசுவென்று வந்தது. புளித்த வாடை. அண்ணியே அதை வாழையிலையில் வாரி, காசையும் தங்கத் துளியையும் கழுவி எடுத்துக்கொண்டு, மற்றதை ஏரியில் விட்டுவிட்டு வந்தார். குழியைச் சிமெண்டால் அடைத்துக் காயவைத்து, தாரைக் காய்ச்சி, பழைய தாரோடு சேர்கிற மாதிரி சுற்றிலும் ஏற்றிப் பூசினார்கள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, “அந்த ஓரத்துல போடு. அங்க வுட்டுட்ட பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காசையும் தங்கத்தையும் மஞ்சள் துணியில் முடிந்து வாசற்காலின் மேல்கட்டையில் ஆணியடித்துக் கட்டினார். இதுவும் எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் செய்வதுதான் என்று பிறகு தெரிந்தது.

ஆனால் ஏறிய ஈரம் உடனே போகாது என்று மேஸ்திரி சொன்னார். மேலே இருப்பது வெயிலில்தான் காய வேண்டும்; மழையோ நின்றபாடில்லை. பூசணம் பிடித்த காரையைக் கொத்திவிட்டு, செங்கல்லை அப்படியே திறந்து வைத்தோம். குழந்தையை நான் மறுபடி திருப்பதிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் முதலில் சொன்னபடி கார்த்திகை, மார்கழி முழுக்க அவள் அங்கேதான் இருந்தாள். எது நடக்கக் கூடாது என்று அறை கட்டினோமோ அதுவே அந்த வருஷம் நடந்தது. சனிக்கிழமை பஸ்ஸில் ஏறுவேன். தெரிந்தவர்கள், “புது ரூம் கட்டினீங்களே, கொழந்த எங்க?” என்று கேட்பார்கள். இன்னும் காயவில்லை என்று சொல்வேன். அதில் பொய் இல்லை.

என் கணவர் மார்கழியில் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு அவரே வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்து, கேட்டும்விட்டேன். அவர், “அக்காவுக்கு எதிர சொல்ல எனக்கும் பயம்தான். நீ சொல்லிடுவன்னு நெனச்சேன்” என்றார்.

தை பிறந்ததும் வெயில் வந்தது. திறந்த செங்கல் வெளுத்தது. மேஸ்திரி வந்து காரை பூசினார். பத்து நாள் கழித்து, இன்ஸ்பெக்டர், தன் ஆபீசுக்குப் போகிற வழியில், எங்கள் தெருவில் வந்தார். நான் கூப்பிட்டு, வாசலில் வெட்டியதையும் மறுபடி பூசியதையும் சொன்னேன். கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்ற பயத்தோடுதான் சொன்னேன். அவர் உள்ளே வந்து கைவைத்துப் பார்த்தார். “இப்ப சுத்தி வந்திருக்குதா?” என்று கேட்டார். “வந்திருக்கு சார்” என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் குழந்தையைக் கூட்டி வந்தேன். முதல் வாரம் முழுக்க அவளை வாசற்காலுக்கு எதிர்ச்சுவர் ஓரமாகத்தான் படுக்கவைத்தேன். மதியம் அவள் தூங்கும்போது மாரில் காதை வைத்துக் கேட்பேன். ஒன்றும் கேட்காது. ஒன்றும் கேட்காததை எத்தனை நேரம் கேட்டால் போதும் என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்ச்சுவர்ப் பக்கம் காற்று இல்லை. வியர்த்துப் புரண்டுகொண்டே இருந்தாள். எட்டாம் நாள் அவளுடைய படுக்கையை வாசற்காலின் வலப்பக்கமாக இழுத்துப் போட்டேன்.